பெரட்டு மணி ஒலித்த இரவு: முழு மயக்கத்துக்குப் பின் ஒரு மூதாட்டியின் மூளை – நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படும் நோயாளி 78 வயது மூதாட்டி. மலேசியாவில், செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் தெபாலை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாண்டு மட்டும் படித்து, பதினான்கு வயதில் பால்வெட்டத் தொடங்கி, தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை அந்த வேலையிலேயே இருந்தவர். பின்னர் பட்டர்வொர்த்தில் இளைய மகளின் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. குடும்பத்தின் ஒப்புதலோடும், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியும் இதை எழுதுகிறேன். அவருக்கு மயக்க மருந்து கொடுத்தவன் நான் என்பதால், இதில் வரும் சில தவறுகள் என்னுடையவை.

இனிப்புநீர், இரத்த அழுத்தம் இரண்டும் அவருக்கு உண்டு. எட்டு மாதத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்ததால், இரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெலும் சாப்பிட்டு வந்தார். எடை 46 கிலோ. இரு காதும் மந்தம். வலது காதில் கருவி பொருத்துவார். இவை அனைத்தும் சேர்க்கைக் குறிப்பில் இருந்தன. அரிப்புக்கென்று எப்போதோ ஒரு கிளினிக்கில் கொடுத்த குளோர்பெனிரமின் மாத்திரையை, நன்றாகத் தூக்கம் வருகிறது என்பதற்காகப் பல ஆண்டுகளாக இரவுதோறும் அவர் போட்டு வந்தது மட்டும் எந்தக் குறிப்பிலும் இல்லை. மகள் அந்தப் பட்டையைக் கைப்பையில் வைத்திருந்தார். வார்டிலும் இரவில் அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடையில் கேட்டால் கிடைக்கும் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அறுவை அரங்கில் இடம் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் நள்ளிரவு முதல் பட்டினி வைத்து, அவசர அறுவைகள் அடுத்தடுத்து வந்ததால் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் "இன்று இல்லை" என்றார்கள். மறுநாள் இரவும் அதே பட்டினி. தெளிந்த நீராகாரத்தை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்ற விதி எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் கட்டிலின் தலைமாட்டில் 'பட்டினி' என்ற அட்டை தொங்கிவிட்டால் யாரும் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கத் துணிவதில்லை. வலிக்கு டிராமடால் கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் சோடியம் 131, சற்றுக் குறைவு. காதுக்கருவியும் மூக்குக்கண்ணாடியும் "தொலைந்துவிடும்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தன.

அறுவைக்கு முந்திய மாலை நான் அவரைப் பார்த்தேன். இதயம், நுரையீரல், கழுத்து அசைவு, பல்செட் என்று வரிசையாகக் கேட்டேன். நினைவாற்றலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூளைக்கு வேலை செய்யும் மருந்தைக் கொடுக்கப் போகிறவன் மூளையை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

குளோபிடோகிரெல் உடலில் இருக்கும்போது முதுகுத்தண்டில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தும் அபாயம் உண்டு. மருந்தின் விளைவு தணிய 5 முதல் 7 நாள் காத்திருக்க வேண்டும். முறிந்த இடுப்போடு அத்தனை நாள் படுக்கவைப்பது அதைவிடக் கேடு. ஆகவே இடுப்புப் பகுதியில் நரம்பை மரக்கவைக்கும் ஊசியை அல்ட்ராசவுண்டு பார்த்துப் போட்டுவிட்டு, முழு மயக்கம் கொடுப்பதென்று முடிவு செய்தோம்.

<b>அரங்கில் நடந்தது</b>

முழு மயக்கத்தை நாங்களே நோயாளிகளிடம் "தூங்க வைக்கிறோம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆறுதலுக்கு அந்தச் சொல் உதவலாம், உண்மைக்கு உதவாது. தூங்குகிறவரைத் தட்டினால் எழுவார். மயக்கத்தில் இருப்பவரின் எலும்பை அறுத்தாலும் எழமாட்டார். புரொபோஃபால், செவோஃபுளூரேன் இரண்டும் மூளையின் நரம்பணுக்களில் உள்ள காபா-ஏ ஏற்பிகளின் அடக்கும் ஆற்றலை மிகைப்படுத்துகின்றன. குளோரைடு அயனிகள் உள்ளே பாய்ந்து, நரம்பணு எளிதில் தூண்டப்படாத நிலைக்குப் போகிறது. கெட்டமின் என்ற மற்றொரு மயக்க மருந்து வேறு வழியில், நரம்பணுவைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பியைத் தடுத்து வேலை செய்கிறது. ஆனால் மூளை முழுவதுமாக அணைந்துபோவதில்லை. புரொபோஃபால் மயக்கத்தில் நெற்றிப் பகுதியில் நொடிக்கு 8 முதல் 12 சுழற்சியுள்ள ஆல்ஃபா அலையும், நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான மிக மெதுவான அலையும் ஓங்கி எழுகின்றன. மூளையின் நடுவிலுள்ள தாலமஸும் மேற்பரப்பான புறணியும் ஒரே தாளத்தில் கட்டுண்டு போகின்றன. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் உறுமி முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது அல்லவா? அங்கே மௌனம் இல்லை. ஒலி மிகுதியால்தான் பேச்சு அறுபடுகிறது. மூளையின் ஒரு பகுதி மறு பகுதியோடு பேச முடியாமல் போவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

வயதான மூளையில் இந்த ஆல்ஃபா அலை மெலிந்திருக்கும். மருந்தின் தேவையும் குறையும்: மூச்சில் தரும் மயக்க மருந்தின் தேவை 40 வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு இறங்குகிறது. அளவு மிஞ்சினால் மூளையின் மின்னலை வரைவில் தட்டையான கோடும், நடுநடுவே வெடித்தெழும் அலைக் கொத்துகளும் மாறிமாறித் தெரியும். மூளையின் மின்செயல்பாடு விட்டுவிட்டு நின்று போவதன் அடையாளம் அது. இயற்கையான தூக்கத்தில் அது வருவதே இல்லை.

எங்கள் மூதாட்டியின் திரையில் அது வந்தது. 50 மைக்ரோகிராம் ஃபென்டனிலோடு 80 மில்லிகிராம் புரொபோஃபால் கொடுத்தேன். 46 கிலோ எடையுள்ள, இரண்டு நாள் நீர் வற்றிக் கிடந்த, 78 வயதுக்காரருக்கு அது கூடுதல். இன்று அதே நோயாளி வந்தால் 50 மில்லிகிராமில் நிறுத்தி, மருந்து மூளையை எட்டும்வரை பொறுமையாகக் காத்திருப்பேன். சராசரி இரத்த அழுத்தம் 96-இலிருந்து 54-க்கு விழுந்தது. ஃபினைலெஃப்ரின் கொடுத்து நான்கு நிமிடத்தில் நிமிர்த்தினோம். மயக்கத்தின் ஆழத்தை மூளை அலையிலிருந்து கணிக்கும் பிஸ் கருவியின் எண் 28 வரை இறங்கியது; எண் குறையக் குறைய மயக்கம் ஆழம். மயக்கத்துக்குரிய வழக்கமான எல்லை 40 முதல் 60. தட்டைக் கோடு விட்டுவிட்டு வந்தது ஏறத்தாழ ஒன்பது நிமிடம். பிறகு செவோஃபுளூரேனை, வயதுக்கேற்பத் திருத்திய வழக்கமான மயக்க அளவில் 0.7 பங்கில் நிறுத்தியதும் எண் 45-ஐ ஒட்டி நின்றது. எலும்பு முறிவு மருத்துவர் பாதி மூட்டு மாற்றி முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று.

மருந்தை நிறுத்திய பன்னிரண்டாம் நிமிடம் கண் திறந்தார். தேறும் அறையில் தன் பெயரைச் சொன்னார், மகள் பெயரைச் சொன்னார், "சின்னவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார். மாலை ஏழு மணிவரை தெளிவாகவே இருந்தார் என்பதை மகளும் செவிலியரும் உறுதி செய்தனர். இந்தத் தெளிந்த இடைவெளி இந்த நிகழ்வில் முக்கியமானது. மயக்கம் தெளியும் நொடியில் வரும் கலக்கம் வேறு. சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத் தலைகாட்டும் டெலிரியம், அதாவது கவனமும் தெளிவும் திடீரெனக் குலையும் மனக்குழப்பம், வேறு.

<b>இரவு இரண்டரை மணி</b>

சொட்டு மருந்து இயந்திரத்தில் பை காலியானதும் அபாய ஒலி கேட்டது. அந்த ஒலியில் விழித்த மூதாட்டி கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு, கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்டிக் காலை வெளியே போட முயன்றார். செவிலியர் பதிவு "நோயாளி தம் மொழியில் கூச்சலிடுகிறார், ஒத்துழைக்கவில்லை" என்கிறது. என்ன சொன்னார் என்பது, அடுத்த கட்டிலில் இருந்த தமிழ்ப் பெண் சொல்லித்தான் தெரிந்தது: "பெரட்டுக்கு மணி அடிச்சாச்சு, கங்காணி பேரு வெட்டிடுவாரு, வாளி எங்க?" பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். ஐம்பது ஆண்டுக்கு முந்திய விடியற்காலை அது. மணியோசை என்று அவர் எடுத்துக்கொண்டது இயந்திரத்தின் ஓசையை. மூளை அர்த்தமில்லாமல் உளறவில்லை. கிடைத்த ஒரே ஒலித்துணுக்கை வைத்துக்கொண்டு, தனக்கு மிகப் பழகிய ஓர் இடத்தைக் கட்டியெழுப்பிக்கொண்டது. காதுக்கருவியும் கண்ணாடியும் இல்லாத இருட்டில் வேறு எதை வைத்துக் கட்டும்?

கலக்கத்தைத் தணிக்க அரை மில்லிகிராம் ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். விடிந்ததும் அமைதியாகிவிட்டார். அந்தப் பகல் முழுதும் பதிவுகள் ஒரே மாதிரி இருக்கின்றன: "உறங்குகிறார்", "வலி இல்லை", "தொடர்பு கொள்ள மொழித் தடை". எல்லோருக்கும் நிம்மதி. இரவு கத்திய நோயாளி டெலிரியத்தில் இருந்தார், பகலில் பேசாமல் கிடந்தவர் தேறிவிட்டார் என்றுதான் அனைவரும் எண்ணினோம். உண்மையில் டெலிரியத்தின் அமைதியான வடிவமே முதியவர்களிடம் அதிகமாகத் தவறவிடப்படுவது. கத்துகிற நோயாளி உதவியை இழுத்துக்கொள்வார். சுவரைப் பார்த்துக் கிடப்பவரைத் தொல்லையில்லாதவர் என்று பாராட்டிவிட்டுக் கடந்துவிடுவோம். கஞ்சியை வாயில் ஊட்டினால் விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார் என்பதை மகள்தான் கவனித்தார்.

அறுவை முடிந்த இரண்டாம் நாள் காலை மகள் என்னைத் தேடி வந்து, "அம்மா கண்ண தொறந்துதான் இருக்காங்க டாக்டர், ஆனா உள்ள ஆளு இல்ல" என்றார். எங்கள் பதிவேடு முழுவதிலும் இதைவிடத் துல்லியமான மருத்துவக் குறிப்பு இல்லை.

<b>தமிழில் கேட்ட ஐந்து நிமிடம்</b>

நான்கு கூறுகளைக் கொண்ட 4ஏடி என்ற எளிய சோதனையைச் செய்தேன். விழிப்பு நிலை, நான்கு பொதுக் கேள்விகள், கவனம், திடீர் மாற்றம் ஆகியவற்றைப் பார்த்து 12-க்கு மதிப்பெண் இடுவது அது; 4 அல்லது அதற்கு மேல் என்றால் டெலிரியம் இருக்க வாய்ப்பு மிகுதி. அதை நம் தோட்டத்துப் பாட்டிமாரிடம் அப்படியே பயன்படுத்த முடியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பிறந்த தேதி கேட்க வேண்டும். இவருடைய ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் தேதியோ, பதிவு செய்தபோது தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) உத்தேசமாக எழுதிக்கொடுத்தது. நல்ல நினைவோடு இருந்த நாளிலும் அவருக்கு அது தெரியாது என்றார் மகள். மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்ல வேண்டும். டிசம்பர், நவம்பர் என்ற வரிசை அவர் வாழ்க்கையில் எப்போதும் இருந்ததில்லை. அதற்குப் பதிலாகக் கிழமைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். காதருகே குனிந்து, உரத்த குரலில், "பாட்டி, ஞாயித்துக்கிழமையிலேருந்து பின்னாடி சொல்லுங்க" என்றேன். "ஞாயிறு... திங்கள்..." என்றவர் பாதியில் கண்ணை மூடிக்கொண்டார். எந்த இடம் என்று கேட்டதற்கு "ஸ்டோரு" என்றார். பால் நிறுக்கும் இடம். எந்த ஆண்டு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

மொத்தம் 11 வந்தது. பிறந்த தேதி, கிழமை என்ற இரண்டையும் நேர்மையற்ற கேள்விகள் என்று தள்ளிவிட்டாலும், மந்தமான விழிப்புக்கு 4, திடீர் மாற்றத்துக்கு 4 என எட்டுக்குக் குறையாது. மொழித் தடை என்று எழுதப்பட்ட பகல் முழுவதும் டெலிரியம் அங்கேயே படுத்திருந்தது. தமிழ் தெரிந்த சுத்திகரிப்புப் பணியாளர் ஒருவர் அந்த வார்டிலேயே இருந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை.

காரணங்களைத் தேடியபோது ஒன்றல்ல, வரிசையாக வந்தன. சிறுநீர்ப்பையில் 620 மில்லிலிட்டர் தேங்கியிருந்தது. நான்கு நாளாக மலம் கழிக்கவில்லை. சோடியம் 128-க்கு இறங்கியிருந்தது. டிராமடாலும் அதற்குத் துணைபோயிருக்கலாம். இரத்த ஆக்சிஜன் 93 விழுக்காடு. தலை ஸ்கேனில் புதிய இரத்தக்கசிவோ அடைப்போ இல்லை; நுண்குழாய்களில் நாள்பட்ட தேய்மானமும் வயதுக்குரிய சுருக்கமும் மட்டும் தெரிந்தன. அப்போதுதான் கைப்பையிலிருந்த குளோர்பெனிரமின் பட்டை வெளியே வந்தது.

அந்தச் சிறு மாத்திரையைப் பற்றி நின்று பேச வேண்டும். கவனத்தைக் கட்டிக் காப்பதில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரும் பங்குண்டு. முதுமையில் அதன் கையிருப்பு குறைகிறது. குளோர்பெனிரமின் போன்ற பழைய அரிப்பு மருந்துகள் மூளைக்குள் நுழைந்து அதன் ஏற்பிகளை மறிக்கின்றன. சிறுநீர் தேங்குவதும் மலம் இறுகுவதும் அதே மறிப்பின் வேறு முகங்கள். இதோடு எலும்பு முறிவும் அறுவையும் கிளப்பும் அழற்சி சேர்கிறது: இரத்தத்தில் பெருகும் சைட்டோகைன்கள் மூளையின் தடுப்பரணைத் தளர்த்தி, உள்ளே காவலிருக்கும் நுண்கிளியா அணுக்களைச் சினமூட்டுகின்றன என்று விலங்காய்வுகள் காட்டுகின்றன. கையிருப்பு நிறைந்த மூளை இவற்றையெல்லாம் சமாளித்துக்கொள்ளும். விளிம்பில் நிற்கும் மூளைக்கு ஒரு நிரம்பிய சிறுநீர்ப்பையே போதும்.

சிகிச்சை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரை ஒருமுறை வடித்துக் குழாயை உடனே எடுத்துவிட்டோம். குளோர்பெனிரமினும் டிராமடாலும் நின்றன. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, நரம்பு ஊசியை மீண்டும் போட்டோம். சோடியத்தை மெதுவாகச் சரிசெய்தோம். காதுக்கருவியும் கண்ணாடியும் திரும்பி வந்தன. கட்டில் சன்னலோரம் மாறியது. இரவில் மகள் உடனிருக்க அனுமதி வாங்கினோம். பேரன் ஒரு சிறிய வானொலியைக் கொண்டுவந்து பகலில் மட்டும் மின்னல் எஃப்எம் வைத்தான். மூன்றாம் நாள் நாற்காலியில் உட்காரவைத்தோம். இவற்றில் எதுவும் புதிதல்ல. அமெரிக்காவில் ஷாரன் இனோயி குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவப் பிரிவில் சேர்ந்த 852 முதியவர்களிடம் இத்தகைய எளிய கவனிப்புகளால் டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆகக் குறைந்தது. ஆறாம் நாள் காலையில் மூதாட்டி என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று ஊர் விசாரித்தார். டெலிரியம் விலகியது என்று பதிவில் எழுதினேன்.

<b>மகளின் கேள்வி</b>

மூன்றாம் மாத மறுபார்வையில் மகள் மகிழ்ச்சியாக இல்லை. அம்மா அடுப்பை அணைக்க மறக்கிறார், பேத்தியின் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. "அந்த மயக்க ஊசி போடாம இருந்திருந்தா அம்மா பழையபடி இருந்திருப்பாங்களா?" என்று நேராகக் கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. கையெழுத்துப் போட்டவர் தாம்தான் என்ற உறுத்தல் அதில் இருந்தது.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். ஈதர் மயக்கம் 1846 அக்டோபர் 16-இல் பாஸ்டனில் பொதுவில் காட்டப்பட்டது. அதற்கு நூறாண்டுக்கு மேல் கழித்து, 1955-இல் பெட்ஃபோர்ட் என்ற பிரிட்டன் மருத்துவர், அறுவைக்குப் பின் முதியவர்கள் பழையபடி இல்லை என்று உறவினர்கள் சொல்லிவந்ததைச் செவிமடுத்து லான்செட் இதழில் எழுதினார். 1998-இல் அதே இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு, இதயம் அல்லாத பெரிய அறுவை செய்துகொண்ட 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரைச் சோதித்தது. ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடமும் மூன்று மாதத்தில் 9.9 விழுக்காட்டினரிடமும் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. அறுவை செய்யாத ஒப்பீட்டுக் குழுவில் மூன்று மாதத்தில் 2.8 விழுக்காடு. ஆகவே மகள் கண்டது கற்பனையல்ல.

ஆனால் அது மருந்தின் வேலையா, அறுவையின் வேலையா? இடுப்பு முறிவுக்கு முதுகுத்தண்டு ஊசியையும் முழு மயக்கத்தையும் 1,600 பேரிடம் ஒப்பிட்ட ரீகெய்ன் ஆய்வு 2021-இல் வந்தது. டெலிரியம் முதுகு ஊசிக் குழுவில் 20.5 விழுக்காடு, முழு மயக்கக் குழுவில் 19.7. முதுகு ஊசி பெற்றவர்களில் பலர் தூக்க மருந்தும் பெற்றிருந்தார்கள் என்ற குறையை எதிர்த்தரப்பார் எடுத்துக்காட்டலாம். அது நியாயமான ஐயம்தான். அதே ஆண்டு சீனாவில் அத்தகைய தூக்க மருந்தின்றிச் செய்த 950 பேரின் ஆய்விலும் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை: பகுதி மயக்கத்தில் 6.2 விழுக்காடு, முழு மயக்கத்தில் 5.1. மயக்க மருந்தை மட்டும் நீக்கிவிட்டால் மூளை தப்பித்துவிடும் என்பதற்கு இவற்றில் சான்று இல்லை.

மயக்கத்தின் ஆழம் பற்றிய சான்றுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. அலைவரைவைப் பார்த்து மருந்தைக் குறைத்த எங்கேஜஸ் ஆய்வில், 2019-இல், 1,232 பேரிடம் பயன் தென்படவில்லை: மருந்தைக் குறைத்த குழுவில் டெலிரியம் 26 விழுக்காடு, வழக்கமான குழுவில் 23. இரண்டாண்டு கழித்து, பிஸ் எண்ணை 50-இல் வைத்தவர்களையும் 35-இல் வைத்தவர்களையும் ஒப்பிட்ட வேறோர் ஆய்வில் டெலிரியம் முறையே 19, 28 விழுக்காடு. என் ஒன்பது நிமிடத் தட்டைக் கோடு காரணமா, அல்லது அப்படித் தட்டையாவதே ஏற்கெனவே நலிந்த மூளையின் அடையாளமா என்பதை இந்த ஒரு நோயாளியை வைத்துத் தீர்க்க முடியாது. பின்னதன் பக்கமே என் சாய்வு. ஆனாலும் மருந்தளவைக் குறைத்துக்கொண்டேன்.

மகளிடம் நான் சொன்னது இவ்வளவு: செவோஃபுளூரேனில் ஏறத்தாழ 95 விழுக்காடு மூச்சு வழியாகவே மாறாமல் வெளியேறிவிடும், மூன்று மாதம் கழித்து அது உடலில் இருக்க வழியில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "விழுவதற்கு முந்திய தீபாவளிக்கு அம்மா எப்படி இருந்தார்?" அவர் வெகுநேரம் பேசவில்லை. அதிரசப் பாகில் பதம் தப்பியது, குழம்பில் இரண்டுமுறை உப்புப் போட்டது, சந்தையிலிருந்து வேறு பேருந்தில் ஏறிப் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி நின்றது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வயசாயிடுச்சு என்று விட்டுவிட்டதாகச் சொல்லி அழுதார். அறுவைக்கு முந்திய மாலையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டிருந்தால் அறுவையைத் தவிர்த்திருக்க முடியாது. ஆனால் முதல் இரவே காதுக்கருவி காதில் இருந்திருக்கும்.

2018-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட பெயரிடல் முறைப்படி, 30 நாள்வரை நீடிப்பது தாமதமான மீட்சி; அதைத் தாண்டி 12 மாதம்வரை இருப்பது அறுவைக்குப் பிந்திய அறிதிறன் குறைபாடு. மூதாட்டியின் நிலை இரண்டாவதில் பொருந்துகிறது. ஆனாலும் முன்கதையைக் கேட்டபின், அறுவைக்கு முன்பே தொடங்கிய சரிவை டெலிரியம் விரைவுபடுத்தியது என்று எழுதவே எனக்கு மனம் ஒப்புகிறது. பதினோராம் மாதம் நினைவாற்றல் மருத்துவர் தமிழிலேயே சோதித்து, லேசான அறிதிறன் குறைபாடு என்று பதிவு செய்தார். தனியாகக் குளிக்கிறார், உடுத்துகிறார், அடுப்பு மட்டும் மகளின் பொறுப்பு.

பதினான்காம் மாதம் வாசற்படியில் தடுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு மறுபடி வந்தார். இம்முறை அக்குளில் நரம்பு ஊசி போட்டு, விழிப்போடு வைத்தே தகடு பொருத்தினோம். காலை ஆறு மணிவரை நீராகாரம், கருவி காதில், மகள் பக்கத்தில். முதல் இரவு எந்தக் குழப்பமும் இல்லை. இரண்டாம் இரவு ஒரு மணி நேரம் மட்டும் கங்காணியைத் தேடினார்; மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு மழை, பால்வெட்டு இல்லம்மா" என்றதும் படுத்துவிட்டார். முழு மயக்கத்தைத் தவிர்த்ததால்தான் இப்படி லேசாக முடிந்தது என்று நான் பதிவு செய்யவில்லை, மணிக்கட்டு இடுப்பல்ல. அன்று வார்டுப் பதிவேட்டில், தொடர்பு மொழி என்ற கட்டத்தில், செவிலியர் 'தமிழ்' என்று எழுதி, அதன் கீழே மகளின் தொலைபேசி எண்ணையும் குறித்திருந்தார்.